மூன்றாம் குளிரறையில் ஒரு சிக்னல்

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அவளை எல்லோரும் வயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மெயில் போகவில்லையா, பிரிண்டர் முரண்டு பிடிக்கிறதா, வயரக்காவைக் கூப்பிடு. மின்விசிறி சுற்றாவிட்டாலும் சிலர் கூப்பிடுவார்கள். திட்டிக்கொண்டே போய் அதையும் பார்த்துவிட்டு வருவாள்.

அதே கிடங்கில் அவளுடைய நாத்தனாரும் வேலை பார்த்தாள். கணவனின் அக்கா. உறைகுளிர் அறைகளில், தலை முதல் கால் வரை தடித்த அங்கி போட்டுக்கொண்டு, கையில் ஸ்கேனரோடு அலமாரி அலமாரியாகப் போய்ப் பெட்டிகளைச் சேகரிக்கிற வேலை. சொல்லப்போனால் வயரக்காவுக்கு இங்கே வேலை கிடைத்ததே நாத்தனார் சொல்லித்தான். இருவரும் ஒரே வீடு, ஒரே சமையலறை. ஆனால் சில மாதங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒரு குரல் மெசேஜ். "இவ வந்ததுல இருந்து தம்பி எலும்பும் தோலுமா ஆயிட்டாம்மா. ஆக்கிப் போடத் தெரியல, வயரைக் கடிக்கத்தான் தெரியுது" என்று நாத்தனார் தன் அம்மாவுக்குப் பேசி அனுப்பினாள். அது போய் விழுந்ததோ குடும்ப குரூப்பில். பதறிப்போய் அவள் அழிப்பதற்குள் வயரக்கா கேட்டுவிட்டாள். சித்தப்பா வீடு, அத்தை வீடு, வெளியூர் மாமா என்று மொத்தச் சொந்தமும் கேட்டுவிட்டது. அதிலிருந்து உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் தம்பிக்காரன் நின்று வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று மதியம், சாப்பாட்டு இடைவேளை ஆரம்பித்த கையோடு நெட்வொர்க் படுத்துவிட்டது.

முதலில் அலுவலகத்திலிருந்து ஃபோன், மெயில் போகவில்லை என்று. அதை வைப்பதற்குள் லாரி ஏற்றும் இடத்திலிருந்து, சீட்டு அச்சாகவில்லை என்று. மூன்றாவதாக மேனேஜரே நேரில் வந்துவிட்டார். மீட்டிங் அறையில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தவர்.

"அவர் மூஞ்சி அப்படியே வாயைத் திறந்தபடி நிக்குதும்மா! என்ன பண்ற நீ?"

வயரக்கா சர்வர் அறையின் அலமாரியைத் திறந்தாள். நடுவில் பிரதான ஸ்விட்ச். கிடங்கின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வருகிற கேபிள்கள் அதில்தான் வந்து சேரும். சாதாரண நாளில் அதன் பச்சை விளக்குகள் ஆளுக்கொரு நேரத்தில், தன்போக்கில் கண் சிமிட்டும். இப்போது அத்தனையும் ஒன்றாக, மூச்சுவிடாமல் துடித்துக்கொண்டிருந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் அவ்வப்போது, "இந்த முகவரி யாருடையது?" என்று எல்லோரையும் பார்த்துக் கூவும். ஸ்விட்ச் அந்தக் கூவலை வந்த வழியைத் தவிர மற்ற எல்லா வழியிலும் அனுப்பிவைக்கும். உரியவர் பதில் சொன்னதும் அடங்கிவிடும். ஆனால் எங்கேயாவது ஒரு கேபிளின் இரண்டு முனையும் அதே வலையில் சொருகப்பட்டுவிட்டால், போன கூவல் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். மறுபடி பெருகிப் போகும், மறுபடி வரும். கொஞ்ச நேரத்தில் கூச்சலே வலை முழுக்க நிறைந்து, உருப்படியான செய்தி ஒன்றுகூட நகர முடியாமல் போய்விடும்.

"யாரோ ஒரு கேபிளைத் தப்பா சொருகியிருக்காங்க சார். எங்கேன்னு தேடணும்."

"தேடுறதெல்லாம் அப்புறம். எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"அது நிக்காது சார். ஆன் பண்ணின உடனே மறுபடி ஆரம்பிச்சிடும்."

"போன தடவை சரியாச்சே!"

"அது வேற சார்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் லேப்டாப்பை நேராக சர்வரில் மாட்டி, கருவிகளின் நிலவரத்தைத் திறந்தாள். எந்த ஆன்டெனாவில் எந்தக் கருவி பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் திரை. நெரிசலில் அது ஆமை மாதிரி ஊர்ந்து வந்தது. பேக்கிங் பகுதி, ஏற்றுமிடம், கேன்டீன். கேன்டீனில் ஏகப்பட்ட ஃபோன்கள். முதல் குளிரறை காலி. இரண்டாவது காலி. மூன்றாவதில் ஒரு ஸ்கேனர்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். இடைவேளையில் உறைகுளிர் அறையில் யாரும் இருக்கக் கூடாது. உள்ளே மைனஸ் இருபது டிகிரி. சூப்பர்வைசருக்கு ஃபோன் செய்தாள்.

"எல்லாரும் சாப்பிடப் போயாச்சு வயரக்கா. எவனாவது ஸ்கேனரை அலமாரில மறந்து வச்சிட்டு வந்திருப்பான். இங்க சீட்டு வராம லாரிக்காரங்க என் உயிரை வாங்குறாங்க, நீங்க வேற!"

இருக்கலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். திரையை மூடப் போனவளின் கண்ணில் அந்த ஸ்கேனரின் சிக்னல் எண் பட்டது. ஆன்டெனாவுக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஐம்பத்தைந்து என்றிருந்தது. அடுத்த முறை திரை புதுப்பித்துக்கொண்டபோது எழுபத்திரண்டு. அப்புறம் அறுபது. மறுபடி எழுபத்தொன்று.

அலமாரியில் மறந்து வைத்த பொருள் நடக்காது.

அந்த வரியின் மேல் விரலை வைத்து, யார் பெயரில் அந்த ஸ்கேனர் திறக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தாள். மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. நாத்தனாரின் பெயர்.

"அய்யோ, அண்ணி!"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "யாரு?"

"மூணாவது ரூம்ல என் நாத்தனார் மாட்டிக்கிட்டு இருக்காங்க சார்!"

"மாட்டிக்கிட்டா? உள்ளே சிவப்பு பட்டன் இருக்கே, அமுக்கினா மணி அடிக்குமே."

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. அந்த மணிக்கு முன்பு தனி வயர் இருந்தது. போன வருஷம்தான், எதற்கு இரண்டு வேலை, எல்லாம் ஒரே வலையில் போகட்டும் என்று அதையும் நெட்வொர்க்கோடு சேர்த்தார்கள். முடிவெடுத்தது அவர். கேபிள் இழுத்தது இவள். உள்ளேயிருப்பவள் அந்தப் பட்டனை எத்தனை முறை அமுக்கினாளோ, அத்தனையும் அந்தக் கூச்சலில் கரைந்துபோயிருக்கும்.

கதவும் அதே கதைதான். மோட்டாரில் ஓடும் கனத்த கதவு. பக்கத்தில் இருக்கிற கருவியில் அட்டையைக் காட்டினால், இவரைத் திறக்க விடலாமா என்று அது சர்வரைக் கேட்கும். சரி என்று பதில் வந்தால்தான் மோட்டார் அசையும். உள்பக்கம் கையால் இழுத்துத் திறக்க ஒரு பிடி உண்டு. அது பனி பிடித்து இறுகிப்போகிறது என்று நாத்தனாரே இரண்டு மூன்று தடவை புகார் சொல்லியிருக்கிறாள்.

வயரக்கா சூப்பர்வைசரை மறுபடி கூப்பிட்டாள். "மூணாவது ரூம் கதவுக்கு ஓடுங்க. உள்ளே ஆள் இருக்கு. கடப்பாரை, கம்பி, எது கிடைச்சாலும் எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

அவளுக்கும் ஓட வேண்டும்போல்தான் இருந்தது. கால் அறை வாசல் வரைக்கும் போயும்விட்டது. ஓடிப்போய் என்ன செய்வது? இரும்புத் தகடுகளுக்கு நடுவே தடித்த பஞ்சு அடைத்துச் செய்த கதவை அடித்து அழுவதா? கதவைத் திறக்க வேண்டிய பதில் இந்த அறையிலிருந்துதான் போக வேண்டும். திரும்பி வந்து ஸ்விட்ச் முன்னால் மண்டியிட்டாள்.

எந்தக் கேபிளில் சுற்று இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட நேரமில்லை. சர்வருக்குப் போவது ஒன்று, மூன்றாம் அறைப் பக்கம் போவது ஒன்று. அந்த இரண்டையும் இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் வலது கையால் பிடுங்க ஆரம்பித்தாள்.

"ஏய், ஏய், அது லாரி லைன்! மொத்தமும் நின்னுடும்மா!"

"நிக்கட்டும் சார்."

"என் கால்..."

"அவர் வாயைத் திறந்தபடியே இருக்கட்டும் சார்!"

கடைசிக் கேபிள் கழன்றதும் ஸ்விட்ச் சட்டென்று அடங்கியது. இரண்டே இரண்டு விளக்குகள், நிதானமாகக் கண் சிமிட்டின. அடுத்த நொடி அவள் லேப்டாப் அலற ஆரம்பித்தது. மூன்றாம் அறையின் அபாய மணி. தேங்கிக் கிடந்த அழைப்புகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து குவிந்தன. மேனேஜர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்கேனரில் சின்னதாக ஒரு மெசேஜ் வசதி உண்டு. எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்வதற்காக வைத்தது. வயரக்கா தட்டினாள்.

"அண்ணி, நான்தான். கதவு திறக்கப் போறோம். நடந்துக்கிட்டே இருங்க. படிச்சா 1 அமுக்குங்க."

போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. பதில் இல்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வந்தது: 1.

சூப்பர்வைசர் ஃபோனில் மூச்சிரைத்தார். "கம்பி உள்ளேயே போக மாட்டேங்குது. அட்டையும் வேலை செய்யல. கருவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், இப்ப அதுல சிவப்பு விளக்கு எரியுது!"

"ஆஃப் பண்ணீங்களா?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கதவுக் கருவி புதிதாக உயிர் பெற்றால் முதலில் தனக்கொரு முகவரி கேட்கும். முகவரி இல்லாமல் அது யாரோடும் பேச முடியாது. யாரும் அதோடு பேச முடியாது. முகவரி கொடுக்கிற வேலையைச் செய்வது ரவுட்டர் என்கிற கறுப்புப் பெட்டி. அது இருப்பதோ மேனேஜர் அறை அலமாரியில். அந்த லைனை இப்போதுதான் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். திரும்பச் சொருகினால், சுற்று அந்தப் பக்கம் இருக்கும் பட்சத்தில் மறுபடி அதே கூச்சல். மணி, மெசேஜ், எல்லாம் செத்துவிடும்.

"சார், உங்க ரூம் அலமாரில ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். ரெண்டு கொம்பு வச்ச மாதிரி. அதையும் அதோட பவர் வயரையும் பிடுங்கிட்டு வாங்க. இங்கேயே நேரா மாட்டணும்."

"நானா?"

"வேற யாரு சார் இருக்கா? ஓடுங்க!"

மேனேஜர் ஓடினார். அந்தக் கிடங்கில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

வயரக்கா திரைக்குத் திரும்பினாள். சிக்னல் அறுபத்தெட்டு. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அறுபத்தெட்டு. இன்னும் பொறுத்தாள். அதே அறுபத்தெட்டு.

நாத்தனார் நின்றுவிட்டாள். நின்றிருந்தால் பரவாயில்லை. உட்கார்ந்துவிட்டாளோ? குளிரில் உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் அவ்வளவுதான் என்று வேலைக்குச் சேரும்போது எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள்.

"அண்ணி, எழுந்து நடங்க."

போய்ச் சேர்ந்தது. அறுபத்தெட்டு.

"அண்ணி, ப்ளீஸ். இன்னும் கொஞ்ச நேரம்தான்."

அறுபத்தெட்டு.

அவளுக்குக் கண் கலங்கி எழுத்து மறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கெஞ்சினால் அசைகிற பிறவியா அது? வீட்டில் எவ்வளவு நாள் பார்த்திருக்கிறாள். ஜுரம் வந்து படுத்திருக்கும்போதுகூட, யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால்போதும், எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுத்தான் படுக்கும். வேகமாகத் தட்டினாள்.

"உங்க தம்பி எலும்பும் தோலுமா ஆனதுக்கு நான்தான் காரணம்னு ஊரெல்லாம் கேக்கச் சொன்னீங்களே. தைரியம் இருந்தா வெளிய வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. உள்ள உக்காந்துக்கிட்டு தப்பிக்கப் பாக்காதீங்க."

அனுப்பிய பிறகுதான் அதைத் திரும்பப் படித்தாள். இதுதான் அவள் படிக்கிற கடைசி வார்த்தையாக இருந்துவிட்டால்? இதையா எழுதுவேன்? அழிக்கவும் வழியில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தாள்.

அறுபத்தெட்டு.

அறுபத்தெட்டு.

அறுபத்து மூன்று.

ஐம்பத்தெட்டு.

"நட, நட, நட" என்று அவள் திரையைப் பார்த்துக் கத்தியபோது மேனேஜர் உள்ளே வந்தார். சட்டை வெளியே வந்திருந்தது. கறுப்புப் பெட்டியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். அவள் அதைப் பிடுங்கித் தரையில் வைத்து, பவரைச் சொருகி, கேபிளை நேராக ஸ்விட்சில் மாட்டினாள். பெட்டி விழித்தெழ எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது. மேனேஜர் பக்கத்தில் முழங்காலிட்டு, "வருமா? வருமா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க சார்."

விளக்கு வந்தது. ஸ்கேனரின் வரி அப்படியே இருந்தது. திரையில் புதிதாக ஒரு வரி முளைத்தது: கதவு மூன்று. முகவரி வாங்கிக்கொண்டுவிட்டது.

"அட்டையைக் காட்டுங்க!" என்று அவள் ஃபோனில் கத்தினாள்.

அந்தப் பக்கம் ஒரு பீப் சத்தம். அப்புறம் மோட்டார் உறுமுவது. அப்புறம் பல பேர் ஒரே நேரத்தில் பேசுவது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஃபோனைப் போட்டுவிட்டு ஓடினாள்.

நாத்தனார் கதவுக்குப் பக்கத்தில், ஒரு பெட்டி அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். புருவம், இமை எல்லாம் வெள்ளை. வலது கையில் உறை இல்லை. ஸ்கேனர் பட்டனை அமுக்குவதற்காகக் கழற்றியவள், திரும்பப் போட விரல் மடங்காமல் விட்டிருக்கிறாள். நாலைந்து பேர் அவளைத் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தைத் துழாவி, வயரக்காவைக் கண்டுபிடித்து, நீலம் பாரித்த உதட்டை அசைத்தாள்.

"யா... யாருடி... தப்பிக்கப் பாத்தா?"

வயரக்கா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

நடந்தது என்னவென்று ஆஸ்பத்திரியில்தான் முழுசாகத் தெரிந்தது. அவசர ஆர்டரில் ஒரே ஒரு பெட்டி குறைந்ததால், மற்றவர்கள் வெளியேறும்போது, "நீங்க போங்க, இதோ வந்துடறேன்" என்று நாத்தனார் பின்தங்கியிருக்கிறாள். கதவு தானாக மூடிக்கொண்டது. பெட்டியோடு வந்து பிடியை இழுத்தால் வரவில்லை. பட்டனை அமுக்கினால் சத்தமில்லை.

அந்தச் சுற்றைப் போட்டது யார் என்பதும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. மீட்டிங் அறையில் ஒரு கேபிளின் முனை தரையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கேமராவில் அசிங்கமாகத் தெரியுமே என்று யாரோ அதை எடுத்து, சுவரில் காலியாக இருந்த துளையில் அழகாகச் சொருகிவிட்டார்கள். யார் என்று வயரக்கா விசாரிக்கத் தொடங்குமுன்பே மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: "நான்தான். சுத்தமா இருக்கட்டும்னு சொருகினேன்." அந்த வாரமே அபாய மணிக்கு எதோடும் சேராத தனி வயர் போடச் சொல்லிவிட்டார். கதவுப் பிடிகளையும் மாற்றினார்கள். வயரக்கா ஒவ்வொரு கதவையும் தானே உள்ளே போய் இழுத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு கம்பளிக்குள் இருந்துகொண்டு நாத்தனார் கேட்டாள்.

"ஆபீஸ் மெஷின்லயா குடும்பச் சண்டையை எழுதுவே? சூப்பர்வைசர் படிச்சிட்டு வந்து என்னைப் பாத்துச் சிரிக்கிறான்."

"நீங்க மட்டும் குடும்ப குரூப்ல போடலாமா?"

"அது அம்மாவுக்குன்னு நெனச்சுப் போட்டது. எத்தனை தடவை சொல்ல வந்தேன், நீதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே."

"அம்மாகிட்ட மட்டும் சொன்னா சரியா அண்ணி?"

நாத்தனார் கட்டுப்போட்ட கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சரியில்லதான்" என்றாள். அப்புறம், "உள்ள உக்காந்தப்ப நல்லாதான் இருந்துச்சு. குளிரே தெரியல. அப்படியே சாஞ்சிடலாம்னு இருந்துச்சு. உன் மெசேஜ் வந்துச்சு பாரு, எனக்கு வந்த கோவம்..."

வயரக்கா அவள் காலைக் கம்பளிக்கு மேலாகப் பிடித்துக்கொண்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு, தலைதெறிக்க ஓடிவந்த கோலத்தில் தம்பிக்காரன் உள்ளே வந்தான். அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?"

"உன்னை யாரு இப்ப கேட்டா? போய் சூடா ஏதாவது வாங்கிட்டு வா" என்றாள் அக்கா.

நாத்தனார் அதன் பிறகு உறைகுளிர் அறைக்குப் போகவில்லை. பேக்கிங் பகுதிக்கு மாற்றிக்கொடுத்தார்கள். கை ஆறியது. ஆனால் வலது ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் தோல் உரிந்து, வேறு தோல் வந்து, பழையபடி ஆகவில்லை. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு ஃபோனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி வந்தாள்.

"இந்தா, இது என்னைத் தெரியாதுங்குது. விரலை வச்சா திறக்கவே மாட்டேங்குது."

"ரேகை மாறிப்போச்சுல்ல அண்ணி. வேற விரலைப் பதிஞ்சுக்கலாம்." வயரக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள். "எந்த விரல்?"

நாத்தனார் பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள்.

"உன் விரல் ஒண்ணையும் சேத்துப் பதிஞ்சு வை. நான் எங்கயாவது மாட்டிக்கிட்டா நீதானே திறக்கணும்."